கழுவித் துடைத்துக் கொண்டுவந்த வண்டி

ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அவித்த முட்டை வாசம் வரும் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாமக்கல்லில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நானாகத் தெரிந்துகொண்டேன். முதல் தடவை அந்த வாசம் மூக்கில் ஏறியபோது எஞ்சினுக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்றே நினைத்தேன். "ஒழுகறது நிக்கட்டும்னு நாலு முட்டைய ஒடச்சு ஊத்தினனுங்க அம்மணி. நம்ம பண்ணை முட்டைதானுங்க" என்றார் வண்டிக்காரர். அவர் சொன்ன தோரணையைப் பார்த்தால், கடையில் வாங்கிய முட்டையை ஊற்றியிருந்தால்தான் தப்பு என்பது போல இருந்தது.

இன்னொருவர் மஞ்சள் தூளைக் கொட்டிக் கொண்டுவந்தார். லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற வைத்தியம்தான் அது. பழைய லாரிக்கு அது கேட்கும். இன்றைய காருக்குள் தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் நூல் கனம். மஞ்சள் உள்ளே போய்க் களிம்பாகி, ஓட்டையை விட்டுவிட்டு மற்ற எல்லா வழிகளையும் அடைத்து வைத்திருந்தது. அதைப் பார்த்த எங்கள் தலைமை மெக்கானிக், "இன்னும் ரெண்டு கறிவேப்பிலை போட்டிருந்தாத் தாளிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சர்வீஸ் மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகளே, இதையெல்லாம் உங்களைச் சிரிக்க வைப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. போன வருடம் ஓய்வு பெறும் வரைக்கும் நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே மேசையில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். நான் ஸ்பேனர் பிடித்தவள் இல்லை. வண்டிக்காரர் சொல்வதைக் கேட்டு, அதை மெக்கானிக்குக்குப் புரிகிற மாதிரி ஜாப் கார்டில் எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. கேட்பதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் வரைக்கும்.

எஞ்சின் சூடாகிற வண்டியின் சொந்தக்காரர் மற்ற புகார்க்காரர்களைப் போல் இருக்க மாட்டார். பிரேக் சத்தம் போட்டால் எரிச்சலோடு வருவார்கள். பெயிண்டில் கீறல் விழுந்தால் அழாக்குறையாக வருவார்கள். ஆனால் பைபாஸ் ரோட்டில், வேகாத வெயிலில், பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவர் அவமானப்பட்டு வருவார். போகிற வருகிற சொந்தபந்த ஒறம்பரையெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போயிருக்கும். "புது வண்டி வாங்கினீங்களாமா?" என்று எவனோ கண்ணாடியை இறக்கிக் கேட்டிருப்பான். அந்தச் சூடு முழுவதையும் நம் மேசையில்தான் கொட்டுவார்கள். கொட்டட்டும். அதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

மோகனூர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் அப்படித்தான் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. கூடவே அவர் மனைவி. வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர மனசு வராது என்று எங்கே போனாலும் கூட்டிக்கொண்டே போவார். அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு தடவை சேலத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பயணத்துக்காகவே அந்தக் காரை வாங்கியிருந்தார். பழைய ஜீப்பில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர அந்த அம்மாவால் முடியவில்லையாம்.

"கூலண்டு கொறையுதுங்க அம்மணி. சேலம் ரோட்டுல போகப் போக சூட்டு முள்ளு மேல ஏறுது. என்னன்னு பாருங்க" என்று சாவியைக் கொடுத்தார்.

வண்டியைப் பார்த்ததும் எங்கள் பட்டறையே சொக்கிப்போனது. கண்ணாடி மாதிரி மின்னியது. பானெட்டைத் திறந்தால் உள்ளேயும் ஒரு பொட்டுத் தூசி கிடையாது. எஞ்சினே குளித்துவிட்டு வந்தது போல இருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கிற கூலண்ட், டப்பாவில் கோடு வரைக்கும் நிறைந்திருந்தது, நிறமும் சரியாக இருந்தது. "ஷோரூம்ல நிக்கற வண்டியக்கூட நாம இப்படி வெச்சிருக்க மாட்டமுங்க" என்றார் தலைமை மெக்கானிக். மல்லசமுத்திரத்துக்காரர் அவர். வாயைத் திறந்து ஒருவரைப் பாராட்டினால் அன்றைக்கு மழை வரும் என்று நாங்கள் கேலி செய்வோம். அவரே அப்படிச் சொன்னார்.

காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். சொட்டுக்கூட ஒழுகவில்லை. நாமக்கல்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்கள். முள் நடுவிலேயே நின்றது. ரேடியேட்டர் மூடி பழசாகியிருக்கலாம் என்று புது மூடி போட்டு அனுப்பினோம்.

சில வாரங்களில் திரும்பவும் வந்தார். அதே புகார், அதே மினுமினுப்பு, அதே நிறைந்த டப்பா. இந்த முறை ரப்பர் குழாய்களை மாற்றினோம். அந்த அம்மா வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தலை நிறைய மல்லிகை, நெற்றியில் திருநீறு. நோயாளி என்று சொன்னால்தான் தெரியும். "உடம்பு எப்படிங்க்கா இருக்குது?" என்று கேட்டேன். "எனக்கென்னங்க அம்மணி, நல்லா இருக்கறனுங்க. நீங்க வண்டிய நல்லாப் பாருங்க, அது போதும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து என் மனசு நிறைந்துபோனது. என்ன ஒரு மனுஷி என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

மூன்றாவது தடவை அவர் சாவியைக் கொடுக்கவில்லை. மேசைமேல் வீசினார்.

"என்ன வேலைங்க பாக்கறீங்க இங்க? போன வாரம் பாதி வழியில நின்னு போச்சு. பொகை கக்குது. ஆறி, தண்ணி ஊத்தி, மெல்ல உருட்டிக்கிட்டுப் போய்ச் சேந்தா, எங்க நேரத்துக்கு வேற ஆளப் படுக்க வெச்சுட்டாங்க. ரெண்டு நாளு கழிச்சுத்தான் எடம் கெடச்சுது. இவ ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லங்கறா. எனக்கில்ல உசுரு போய் உசுரு வந்துது?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார்.

"என்ன கெரகமோ தெரியிலீங்க. ஊட்டுல ஒருத்திக்குத் தண்ணி வெளிய போக மாட்டீங்குது. வண்டிக்குத் தண்ணி உள்ள நிக்க மாட்டீங்குது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைமை மெக்கானிக்கிடம் போய், "இன்னொரு தடவ இந்த வண்டி நடுவழியில நிக்கக் கூடாது. அந்தம்மா உசுரு இதுல தொங்குது" என்றேன். அவர் வண்டியை ஒரு பகல் முழுக்க வைத்திருந்து அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தார். கையை விரித்தார். "ஒழுகினாத் தடம் இருக்கோணும். தடமே இல்ல. டப்பா நெறஞ்சு கெடக்குது. இல்லாத ஓட்டைய நான் எங்க போய்த் தேடறது?" என்றார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. கூலண்ட் கசிந்தால் காய்ந்த இடத்தில் உப்புப் பூத்தது போலக் கறை நிற்கும். மெக்கானிக்குக்கு அந்தக் கறைதான் சாட்சி. இங்கே சாட்சியே இல்லாத வழக்கு. வேறு வழியில்லாமல் வண்டியை அப்படியே திருப்பிக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சித்திரை மத்தியானம் வந்தது. மேசையில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கோழிப்பண்ணைக்காரர் எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் முதலில் அந்த அம்மாவின் குரல். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த அம்மா, வண்டி ஓட்டிக்கொண்டே பேசியது அவர் கணவர்.

"அம்மணி, ஆண்டகளூர்கேட்டு தாண்டிட்டமுங்க. இன்னைக்கும் முள்ளு மேல ஏறிருச்சு. சிவப்புக்கிட்டப் போயிருச்சுங்க. ஓரங்கட்டலாம்னு பாக்கறேன், அதுக்குள்ள தானாக் கீழ எறங்கிருச்சு! இப்ப அடியில கெடக்குது. மாரியாத்தா புண்ணியம். ஏசி மட்டும் அனலா அடிக்குதுங்க. ஒண்ணும் பயமில்லீங்களே? இப்படியே மிதிச்சுப் போயிரட்டுங்களா?"

எனக்குப் பகீரென்றது.

ஏன் என்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். வெப்பத்தைக் காட்டுகிற முள், எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்கிறது. தண்ணீர் கொதித்தால் முள் ஏறும். தண்ணீரே இல்லாமல் போய்விட்டால் அதற்குத் தொட எதுவும் இல்லை. அப்போது முள் சாதுவாக இறங்கிவிடும். ஏறுகிற முள்ளைப் பார்த்து எல்லோரும் பயப்படுவார்கள். தானாக இறங்குகிற முள்ளைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். அவர் மாரியாத்தாளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எஞ்சின் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெந்துகொண்டிருந்தது. ஓடுகிற வேகத்தில் இறுகி நின்றுவிட்டால், பின்னால் வருகிற லாரி பார்த்துக்கொண்டு வராது.

"அண்ணா, இப்பவே ஓரங்கட்டி எஞ்சின அணைச்சுருங்க" என்றேன்.

"இன்னும் கொஞ்சத் தூரந்தானுங்க அம்மணி. மல்லூரு வந்துட்டாப் போதும். நேரம் தப்பிப்போச்சுன்னா இவளுக்கு..."

"அண்ணா, அணைங்க."

"முள்ளு கீழதானுங்க இருக்குது..."

"வண்டிய நிறுத்துய்யா! சாவியத் திருப்பு!"

எங்கள் ஊரில் 'ங்க' போடாமல் ஒரு பெரியவரிடம் பேசுவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். வரவேற்பறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேலாளர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். என் குரல்தானா அது என்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது. போனில் அந்த அம்மா, "அணைச்சுப்போட்டாருங்க. ஓரமா நிக்கறமுங்க" என்றார். அடுத்த மூச்சிலேயே, "துண்டச் சுத்திக்கிட்டு மூடியத் தொறக்கப் போறாருங்க" என்றார்.

"புடிச்சு இழுங்கக்கா! தொறந்தா ஆவி மூஞ்சியில அடிச்சு வெந்து போயிரும்!"

"ஏனுங்க! கைய எடுங்க! எடுங்கங்கறேன்!" அந்த அமைதியான அம்மா அலறியதை அன்றைக்குத்தான் கேட்டேன். கொஞ்சம் கழித்து இவர் குரல் வந்தது. "கையிலதான் ஒரு பாட்டலு தண்ணி இருக்குதுங்களே, அத ஊத்தினா என்னங்க?" என்றார். அது அந்த அம்மாவுக்கு டாக்டர் சொன்னபடி அன்றைக்கு அளந்து வைத்த குடிதண்ணீர். பழுக்கக் காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை விட்டால் அது விரிசல் கண்டுவிடும். எதையும் ஊற்ற வேண்டாம், எதையும் தொட வேண்டாம், நாங்கள் வருகிறோம் என்றேன்.

இனி அந்த அம்மாவைச் சேர்க்க வேண்டிய இடத்துக்குச் சேர்க்க வேண்டும். வாடகைக் கார் நாமக்கல்லிலிருந்து போய்ச் சேர்வதற்குள் அவருடைய நேரம் தப்பிவிடும். சேலம் பஸ் அந்த ரோட்டில் போய்க்கொண்டே இருக்கும். பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிடுங்கள் என்றேன். "எங்கூட்டு அம்மாள, இந்த ஒடம்போட, பஸ்ஸுலயா ஏத்தறது?" என்று அவர் குதித்தார். அந்த அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

"நான் போயிக்கிறனுங்க அம்மணி. எந்தம்பி சேலத்துல பஸ்டேண்டுக்கு வந்துருவான். அவரு இங்க வண்டிகிட்ட நிக்கட்டும், உங்களுக்குச் சாவி வேணுமில்லீங்க."

"அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போங்கக்கா. வண்டி கெடந்துட்டுப் போவுது. மூச்சு கீச்சு வாங்குதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கறனுங்க" என்றார். பின்னால் பஸ் பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது.

நான் மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தலைமை மெக்கானிக்கோடு, நின்றுபோன வண்டியை இழுத்துவரும் ரெக்கவரி வண்டியில் ஏறிவிட்டேன். மேசையில் இருப்பவள் அப்படிப் போகும் வழக்கம் இல்லை. ஆனால் பெரியவரை 'ய்யா' போட்டுக் கத்திவிட்டு மேசையிலேயே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

தூரத்திலிருந்தே வண்டி தெரிந்தது. பானெட் தூக்கி நின்றது. மனைவியைத் தனியே பஸ்ஸில் அனுப்பிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ரோட்டோரத்துத் தோட்டத்திலிருந்து பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். முன்பக்கம் முழுக்கக் கழுவியாகிவிட்டது. சக்கரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. அடுத்த குடத்தை எஞ்சின்மேல் ஊற்றுவதற்குச் சாய்த்துவிட்டார்.

"ஊத்தாதீங்க!" நானும் மெக்கானிக்கும் ஒரே நேரத்தில் கத்தினோம். ரெக்கவரி வண்டி நிற்பதற்குள் மெக்கானிக் குதித்து ஓடிக் குடத்தைப் பிடுங்கிவிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்னங்கண்ணா பண்றீங்க? ஒண்ணுந் தொட வேண்டாம்னுதானுங்க சொன்னேன்?" என்றேன் நான்.

அவர் எங்களை வினோதமாகப் பார்த்தார். தப்பு எங்கள் பக்கம் என்பது போன்ற பார்வை.

"நீங்க வாரப்ப வண்டி இப்படியா நிக்கறது, அழுக்கும் கறையுமா? ஒவ்வொரு தடவையும் கழுவாம உங்ககிட்டக் கொண்டாந்திருக்கறனுங்களா? பண்ணையில ஷெட்டுக் கழுவற பிரஷர் பம்பு இருக்குது. பானெட்டத் தொறந்து உள்ளாறயும் நல்லா அடிச்சுத் தொடச்சு, கொறைஞ்ச கூலண்ட ரொப்பிட்டுத்தானுங்க பட்டறைக்கு எடுப்பேன். அதே கலரு, அதே கம்பெனி, நாமக்கல்லுல தேடி வாங்கி ரொப்புவேன்."

ஒரு லாரி போனது, இன்னொரு லாரி போனது.

"ஏனுங்கண்ணா?" கடைசியில் அது ஒன்றுதான் வாயில் வந்தது.

"ஏனா? மோரு வாங்கின சொம்பக்கூட வெறுஞ்சொம்பாத் திருப்பிக் குடுக்க மாட்டமுங்க. ஒரு கை சக்கரையாச்சும் போட்டுத்தான் குடுப்போம். வண்டிய மட்டும் காலியா, கழுவாம, ஒருத்தரு கையில குடுக்கறதுங்களா? நம்ம ஊட்டுப் பழக்கம் அது இல்லீங்க."

எங்கள் பக்கத்தில் இந்தப் பழக்கம் இல்லாத வீடு உண்டா? என் அம்மா செய்வார், நானும் செய்கிறேன். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே கொடுத்தால் மரியாதை இல்லை. அந்த மனிதர் எங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து, மூன்று தடவையும் தடயத்தையெல்லாம் பம்பு வைத்து அடித்துக் கழுவி, குறைந்ததை நிரப்பி, நோயே இல்லாத நோயாளியாக வண்டியை ஒப்படைத்திருக்கிறார். நாங்களும் 'ஆகா, என்ன பராமரிப்பு' என்று வாயைப் பிளந்திருக்கிறோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்க வேண்டும் என்று நினைக்காமலேயே ஒருவர் மறைத்திருக்கிறார், அதுவும் மனைவியின் உயிரைப் பணயம் வைத்து. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

அன்றைக்கு அவர் குடம் எஞ்சின்வரை போகவில்லை. அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். மெக்கானிக் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக் குனிந்தார். எஞ்சினின் பின்பக்கம், தண்ணீர்க் குழாய்கள் வந்து சேருகிற பிளாஸ்டிக் கூட்டின் அடியில், ரோஜா நிறத்தில் உப்புப் பூத்த கோடு ஒன்று கீழே வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்படி இருந்தது. கூட்டில் மயிரிழை விரிசல். ஆறியிருக்கும்போது அது ஒட்டிக்கொள்ளும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால்தான் வாயைத் திறக்கும். எங்கள் சோதனைகள் எல்லாம் ஆறிய வண்டியிலும் ஊருக்குள் ஒரு சுற்றிலும் முடிந்துபோயின. மெக்கானிக் மைல்கல்மேல் போய் உட்கார்ந்துகொண்டார். "சித்த நேரம் கழிச்சு வந்திருந்தா இதையும் கழுவியிருப்பாரு" என்றார்.

சாவியைத் திருப்பிய நேரம் சரியாக இருந்ததால் எஞ்சின் பிழைத்தது. கூட்டை மாற்றி, வெந்துபோன கேஸ்கெட்டை மாற்றி, வண்டியைக் கொடுத்தோம். அந்த அம்மாவும் அன்றைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேட்டு நிம்மதியானேன். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவரிடம் சொன்னேன்: "அண்ணா, இனி வண்டிய எங்ககிட்டக் கொண்டு வாரப்ப கழுவாதீங்க, ரொப்பாதீங்க. எப்படிக் கெடக்குதோ அப்படியே கொண்டாங்க. எங்களுக்கு நீங்க செய்யற மரியாத அதுதான்." பக்கத்தில் மல்லிகைப் பூவோடு நின்ற அந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து என் மேசையில் நான் கேட்கிற கேள்வி மாறியது. 'வண்டி நல்லா இருக்குதுங்களா, என்ன பிரச்சனைங்க' என்று ஆரம்பிப்பதை விட்டேன். 'இங்க வாரதுக்கு முன்னால வண்டிக்கு என்ன செஞ்சீங்க?' என்று கேட்க ஆரம்பித்தேன். முட்டையும் மஞ்சளும் பிரஷர் பம்பும் அந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும். யாரும் பொய் சொல்வதற்காக மறைப்பதில்லை. கேட்காததைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்த பாடம் அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மழை பிடித்த பிறகு ஒரு நாள் அந்த வண்டி வழக்கமான சர்வீசுக்கு வந்தது. சக்கரம் வரைக்கும் சேறு. கண்ணாடியில் தீவனத் தூசி. வைப்பரில் ஒரு கோழி இறகு சிக்கியிருந்தது. சட்டை போடாமல் கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டவர் போல அவர் கூச்சத்தோடு சாவியை நீட்டினார். "கழுவுலீங்க அம்மணி. ரொப்பவும் இல்ல. நீங்க சொன்னாப்புலயே கொண்டாந்துட்டேன்."

"இப்பத்தானுங்கண்ணா வண்டி மாதிரி இருக்குது" என்றேன். அவரும் சிரித்தார்.

பின்னாலேயே அந்த அம்மா இறங்கி வந்தார். பூ இல்லை. பவுடர் இல்லை. கசங்கிய சேலை, அள்ளி முடிந்த தலை. செருப்பு வாரை அவிழ்த்துவிட்டிருந்தார், பாதம் அவ்வளவு வீங்கியிருந்தது. நாலு எட்டு நடந்து வந்து என் எதிரில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கி, பிறகுதான் உட்கார்ந்தார். சேலத்திலிருந்து நேராக வருகிறார்களாம்.

"இன்னைக்கு டாக்டரம்மா என்னையத் திட்டிப்போட்டாங்க அம்மணி" என்றார், சிரித்துக்கொண்டே.

"ஏனுங்க்கா?"

"நானும் இன்னைக்குக் கழுவாமத்தானுங்க போனேன்."

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. அவர் நிதானமாகச் சொன்னார். பல மாதங்களாகவே ஷெட்டிலிருந்து வீட்டுக்கு நடந்தால் மூச்சு முட்டுகிறது. படுத்தால் அடைக்கிறது. புருஷன் தூங்கிய பிறகு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் இரவைக் கழிக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்களில் குளித்து, நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு போய், டாக்டர் கேட்டால் 'நல்லா இருக்கறனுங்க' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை, இருதயத்தைச் சுற்றித் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று டாக்டரம்மா சத்தம் போட்டிருக்கிறார். நல்லவேளையாக இப்போதாவது சொன்னீர்கள் என்று மருந்தை மாற்றி, வாரத்துக்கு மூன்று தடவை வரச் சொல்லியிருக்கிறார்.

"அன்னைக்குப் பஸ்ஸுல போறப்ப மூச்சு நின்னே போயிரும்னு நெனச்சனுங்க. முன் சீட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு, சாமி சாமின்னு உக்காந்திருந்தேன்."

போனில் 'ஒண்ணுமில்லீங்க' என்று சொன்ன அதே குரல். நான் அவரைப் பார்க்க முடியாமல் அவர் கணவரைப் பார்த்தேன். சேலத்தில் டாக்டரம்மா சொன்னபோது அவர் மருந்து வாங்க வெளியே நின்றிருக்கிறார். இப்போது என் மேசை முன்னால்தான் முதல் தடவையாகக் கேட்கிறார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சாவியை நான் வாங்கிக்கொண்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. நடுரோட்டில் வெந்துபோன எஞ்சினைப் பார்த்து நின்ற வண்டிக்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எந்த முகமும் அப்படி இருந்ததில்லை.

"ஏம்புள்ள... எங்கிட்ட ஏன் சொல்லுல?"

அந்த அம்மா கோபப்படவில்லை. குற்றம் சொல்லவும் இல்லை.

"நீங்கதான் தெனமும் கேக்கறீங்களே, 'நல்லா இருக்கறயா புள்ள'ன்னு. அதுக்கு ஆமாங்கறதத் தவிர வேற என்னத்தச் சொல்றது?"

வரவேற்பறையில் யாரோ தங்கள் வண்டி தயாரா என்று கேட்டார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து மனைவிக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்ன கேட்பது என்று தெரியாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நேத்து ராத்திரி எத்தன வாட்டி எந்திரிச்சு உக்காந்த?"

அந்த அம்மா அவரையே பார்த்தார். பிறகு யோசித்து, விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.